பெற்றோர் வளர்ப்பும் குழந்தைகளின் நட்பும்

குழந்தை தன் வயதை ஒத்த பிற குழந்தைகளுடன் பழகும் விதம், நண்பர்களைப் பெறும் திறன், பெற்ற நட்பை நிலைநிறுத்தும் திறன் ஆகியவற்றில் பெற்றோரின் வளர்ப்பு முறைக்குப் பங்கு உண்டா, உண்டெனில் அது எந்த வழியில் அமைகிறது என்பது வளர்ச்சி உளவியல் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் கேள்வியாகும். மதிப்பெண் குறைந்தால் பெற்றோருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இடைவேளையில் தங்கள் குழந்தை யாருடனும் சேராமல் சுவரோரம் நிற்பது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் அந்த நிலை நீடித்தால் பள்ளியின் மீது வெறுப்பு, தனிமை உணர்வு, பின்னாளில் மனச்சோர்வு எனப் பல சிக்கல்கள் தொடர வாய்ப்பு கூடுகிறது. எனவே குழந்தையின் நட்பு, படிப்புக்குப் பின் மிச்சமிருக்கும் நேரத்தில் நடக்கும் பொழுதுபோக்கு மட்டுமாகக் கருதப்படுவதில்லை. அது வளர்ச்சியின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது.

நட்பு, ஏற்பு, சமூகத் திறன்

இத்துறையில் மூன்று கருத்துகளைப் பிரித்தறிவது அவசியம். இரு குழந்தைகள் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நெருக்கம் நட்பு எனப்படும். வகுப்பில் உள்ள பிள்ளைகள் பொதுவாக ஒரு குழந்தையை எந்த அளவுக்கு விரும்புகிறார்கள் என்பது ஏற்பு எனப்படும். பிறர் மனநிலையை அறிதல், முறை வரும்வரை காத்திருத்தல், விட்டுக்கொடுத்தல், தன் கருத்தைச் சண்டையின்றிச் சொல்லுதல், சண்டை வந்தபின் சமாதானமாதல் முதலியவை சமூகத் திறன்கள் ஆகும்.

1982ஆம் ஆண்டில் ஜான் கோயி, கென்னத் டாட்ஜ், ஹைடி கொப்போடெல்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, ஏற்பை அளக்கும் முறையைத் தெளிவுபடுத்தியது. வகுப்பில் யாரை மிகவும் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டு, பதில்களின் அடிப்படையில் பிள்ளைகள் விரும்பப்படுவோர், ஒதுக்கப்படுவோர், கவனிக்கப்படாதோர், பலருக்குப் பிடித்தும் பலருக்குப் பிடிக்காமலும் இருப்போர், சராசரி நிலையினர் என வகைப்படுத்தப்பட்டனர். இதில் கவனிக்கப்படாத குழந்தைக்கும் ஒதுக்கப்படும் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. முதல் வகைக் குழந்தையை மற்றவர்கள் வெறுப்பதில்லை. அது கண்ணில் படாமல் இருக்கிறது, அவ்வளவே. புதிய வகுப்புக்குச் சென்றால் அதன் நிலை மாறிவிடவும் கூடும். ஒதுக்கப்படும் குழந்தையின் நிலை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. கவலைக்குரியதும் அதுவே.

வகுப்பு முழுவதும் விரும்பாத குழந்தைக்கும் ஒரு நல்ல நண்பர் இருக்கலாம். அந்த ஒரு நட்பு அக்குழந்தையைத் தனிமையிலிருந்தும் பிறரின் கேலியிலிருந்தும் ஓரளவு காக்கிறது. ஆகவே நண்பர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் நட்பின் தரமே கவனிக்கத்தக்கது.

வயதும் விளையாட்டும்

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெரியாததால் பல பெற்றோர்கள் தேவையின்றிக் கவலைப்படுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளைக் கவனித்த மில்ட்ரெட் பார்டன், 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளையாட்டை ஆறு வகைகளாகப் பிரித்தார். எதிலும் ஈடுபடாமை, தனி விளையாட்டு, பிறர் விளையாடுவதைப் பார்த்திருத்தல், அருகருகே அமர்ந்து தனித்தனியாக விளையாடுதல், பொருள்களைப் பகிர்ந்து விளையாடுதல், ஒரே நோக்கத்துடன் கூடி விளையாடுதல் என்பன அவை. இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் ஒரே மணல் குவியலில் அமர்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு வீடு கட்டுவது இயல்பே. சொப்பு வைத்து, ஒருவர் அம்மாவாகவும் ஒருவர் கடைக்காரராகவும் பங்கு பிரித்து விளையாடுவது பெரும்பாலும் நான்கு வயதையொட்டியே வலுப்பெறுகிறது. பிந்தைய ஆய்வாளர்கள் இவ்வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகள் அல்ல என்பதைச் சுட்டிக்காட்டினர். கூடி விளையாடத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தையும் விரும்பியே தனியாக விளையாடும். அது குறைபாடாகாது.

நட்பைப் பற்றிய குழந்தையின் எண்ணமும் வயதோடு மாறுகிறது. 4 வயதுக் குழந்தைக்கு நண்பர் என்றால் இப்போது தன்னுடன் விளையாடுபவர். தொடக்கப் பள்ளி வயதில் உதவி செய்பவரும் பொருளைப் பகிர்பவரும் நண்பர் ஆகிறார். 10 வயதுக்குப் பின் நம்பிக்கை, விசுவாசம், இரகசியம் காத்தல் ஆகியவை நட்பின் அடையாளங்களாகின்றன. "நீ என் தோழி இல்லை, கா" என்று காலையில் சொன்ன சிறுமி மாலையில் அதே தோழியுடன் பாண்டி ஆடுவது இவ்வளர்ச்சியின் ஒரு கட்டம். இதில் பெரியவர்கள் தலையிட்டு இரு குடும்பங்களுக்கு இடையிலான பகையாக்கிவிடும் நிகழ்வுகளும் உண்டு.

முதல் உறவு

குழந்தையின் முதல் உறவு அதை வளர்ப்பவருடன் அமைகிறது. பிரித்தானிய உளவியலாளர் ஜான் பௌல்பி, இவ்வுறவைப் பற்றுப் பிணைப்பு என்ற கருத்தின் வழியாக விளக்கினார். மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடுகளுக்கே சென்று கவனித்து, அக்கருத்துக்குச் சான்று சேர்த்தார். அழும்போது எடுப்பார்கள், பயந்தால் அணைப்பார்கள் என்ற நம்பிக்கை பெற்ற குழந்தை, பிறரிடமும் அதே நம்பிக்கையுடன் செல்கிறது. தான் அன்புக்கு உரியவர், மற்றவர்கள் நம்பத்தக்கவர்கள் என்ற எண்ணம் அதன் மனத்தில் முன்கூட்டியே அமைந்துவிடுகிறது. அழைத்தும் யாரும் வராத குழந்தை வேறு விதமான எதிர்பார்ப்புடன் வளர்கிறது.

இக்கருத்தை நீண்டகாலம் சோதித்தது மினசோட்டா நெடுங்கால ஆய்வு. 1970களின் நடுவில், வறுமையில் வாழ்ந்த, முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த 267 தாய்மாருடன் அது தொடங்கியது. பைரன் ஈக்லண்ட், ஆலன் ஸ்ரூஃப் ஆகியோர் நடத்திய இவ்வாய்வு, அக்குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் உறுதியான பிணைப்பு பெற்றிருந்தவர்கள் மழலையர் பள்ளியில் பிறருடன் எளிதில் பழகினர். 10 வயதில் நடத்தப்பட்ட கோடை முகாம்களிலும் அவர்களே நண்பர்களைப் பெறுவதில் முன்னணியில் இருந்தனர். இருவர் இருவராக விளையாடவிட்டுப் பார்த்தபோது, உறுதியான பிணைப்பு பெற்ற குழந்தைகள் துன்புறுத்துபவராகவும் இருக்கவில்லை, துன்புறுத்தப்படுபவராகவும் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்க முடிவு.

எனினும் இதை விதியாகக் கொள்ளக் கூடாது. 2001ஆம் ஆண்டில் 63 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, பிணைப்புக்கும் பிற குழந்தைகளுடனான உறவுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது, ஆனால் பெரியதன்று எனத் தெரிந்தது. பொதுவான பழக்கத்தைக் காட்டிலும் நெருங்கிய நட்பில் அத்தொடர்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. தொடக்கம் சரியாக அமையாத குழந்தையும் பிற்காலத்தில் கிடைக்கும் நல்ல உறவுகளால் தேறி வரும்.

வளர்ப்புப் பாங்குகள்

1960களில் கலிஃபோர்னியாவில் டயானா பாம்ரிண்ட், பெற்றோர் பிள்ளைகளை நடத்தும் முறைகளை வகைப்படுத்தினார். 1983இல் எலினார் மக்கோபி, ஜான் மார்ட்டின் ஆகியோர் அதை விரிவாக்கினர். இன்று பாடநூல்களில் காணப்படும் நான்கு பாங்குகள் இவ்வழியில் வந்தவை. அன்பும் கண்டிப்பும் சேர்ந்து, விதிக்குக் காரணம் சொல்லும் பாங்கு அரவணைத்து நெறிப்படுத்தும் வளர்ப்பு ஆகும். காரணம் கேட்க இடம் தராமல் கீழ்ப்படிதலை மட்டும் எதிர்பார்ப்பது அடக்கியாளும் வளர்ப்பு. அன்பு மிகுந்து எல்லை வகுக்காதது செல்லம் கொடுக்கும் வளர்ப்பு. அன்பும் இன்றி எல்லையும் இன்றி விட்டுவிடுவது புறக்கணிக்கும் வளர்ப்பு.

இவற்றில் முதல் பாங்கில் வளரும் பிள்ளைகளிடம் சமூகத் திறன் பொதுவாகக் கூடுதலாகக் காணப்படுகிறது. காரணம் எளிது. "தம்பி கையிலிருந்து பிடுங்காதே, அவன் விளையாடி முடித்ததும் கேள்" என்று சொல்லப்படும் குழந்தை, பிறருக்கும் ஆசை உண்டு என்பதையும், தான் விரும்பியதைப் பெற வேறு வழி உண்டு என்பதையும் சேர்த்தே கற்கிறது. அடி மட்டும் வாங்கும் குழந்தை, வலியவர் சொல்வது நடக்கும் என்று கற்கிறது. அதைத் தன்னைவிட எளியவரிடம் விளையாட்டுத் திடலில் பயன்படுத்திப் பார்க்கிறது. எதைக் கேட்டாலும் கிடைக்கும் குழந்தைக்கு, ஊஞ்சலில் அடுத்தவர் முறைக்காகக் காத்திருப்பதே பெரிய அவமானமாகத் தோன்றலாம்.

அடியின் விளைவை டாட்ஜும் அவருடைய குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. பள்ளியில் சேரும் முன்பே உடல்ரீதியான கொடுமைக்கு ஆளான குழந்தைகள், பள்ளியில் பிறரைத் தாக்குவது கூடுதலாக இருந்தது. அவர்கள் பிறர் செயலைப் புரிந்துகொள்ளும் முறையே மாறியிருந்தது. ஓடிவரும் ஒருவர் தற்செயலாக இடித்தாலும் "வேண்டுமென்றே இடித்தான்" என்று கொள்வது இவர்களிடம் மிகுதி. பகை எண்ணம் இருப்பதாகக் கருதித் திருப்பி அடிக்கிறார்கள். அடி வாங்கியவர் உண்மையிலேயே பகைவர் ஆகிறார். முதலில் தவறாக இருந்த ஊகம் இவ்வாறு உண்மையாகிவிடுகிறது. வகுப்பில் ஒதுக்கப்படும் குழந்தைகளில் ஒரு பகுதியினர் இச்சுழலில் சிக்கியவர்களே.

பாங்குகளின் விளைவு எல்லாப் பண்பாட்டிலும் ஒரே அளவில் அமைவதில்லை. அமெரிக்காவில் வாழும் சீனத் தாய்மாரை ஆராய்ந்த ரூத் சாவ், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அடக்குமுறையாகத் தோன்றும் கண்டிப்பு, அக்குடும்பங்களில் அக்கறையின் வடிவமாகவும் பயிற்சியாகவும் உணரப்படுவதை 1994இல் எடுத்துக்காட்டினார். கண்டிப்பு இருக்கிறதா என்பதோடு, அதன் பின்னே அன்பு இருப்பதைக் குழந்தை உணர்கிறதா என்பதும் முக்கியம்.

பெற்றோர் பங்காற்றும் மூன்று வழிகள்

ராஸ் பார்க், கேரி லாட் முதலிய ஆய்வாளர்கள், குடும்பத்திலிருந்து நட்புக்குச் செல்லும் பாதைகளை மூன்றாகத் தொகுத்துக் காட்டினர்.

முதலாவது, அன்றாடப் பழக்கம். தந்தை குழந்தையோடு விளையாடும்போது, அது போதும் என்று முகம் சுளித்ததும் நிறுத்துகிறாரா, அழும் வரை கிச்சுக்கிச்சு மூட்டுகிறாரா என்பதிலிருந்தே, முகக்குறிப்பை அறிந்து நடப்பது குழந்தைக்குப் பழகுகிறது. பெற்றோர் தங்களுக்குள் சண்டையிட்டு எப்படிச் சமாதானமாகிறார்கள், வீட்டு வேலைக்கு வருபவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் இவ்வகையில் அடங்கும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லித் தருவதும் இதன் பகுதியே. ஜான் காட்மன் நடத்திய ஆய்வுகளில், குழந்தையின் கோபத்தையும் வருத்தத்தையும் அலட்சியப்படுத்தாமல், அது என்ன உணர்ச்சி என்று எடுத்துச்சொல்லி வழிகாட்டிய பெற்றோரின் பிள்ளைகள் பிறருடன் நன்றாகப் பழகினர்.

இரண்டாவது, நேரடியாகக் கற்பித்தல். விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தில் புதிதாகச் சேர்வது சிறுவர் உலகின் கடினமான செயல்களில் ஒன்று. மார்த்தா புட்டல்லாஸும் காட்மனும் 1981இல் இதை ஆராய்ந்தனர். எளிதில் சேர்த்துக்கொள்ளப்படும் குழந்தை, முதலில் சற்றே நின்று பார்த்து, நடக்கும் விளையாட்டுக்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்லி அல்லது செய்து நுழைகிறது. ஒதுக்கப்படும் குழந்தை தன்னைப் பற்றிப் பேசுகிறது, விதியை மாற்றச் சொல்கிறது, அல்லது கேள்விகளால் ஆட்டத்தை நிறுத்துகிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லித்தர முடியும். ஷெர்ரி ஓடன், ஸ்டீவன் ஆஷர் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்புக் குறைந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு விளையாட்டில் பங்கேற்றல், ஒத்துழைத்தல், பேசுதல், பிறரைப் பாராட்டி ஊக்குவித்தல் ஆகியவை பயிற்றுவிக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின்னும் அவர்களுடைய நிலை மேம்பட்டிருந்தது.

மூன்றாவது, வாய்ப்பை அமைத்துத் தருதல். சிறு குழந்தை தானாகத் தெருவைக் கடந்து நண்பர் வீட்டுக்குச் செல்ல முடியாது. எங்கே குடியிருப்பது, யாரை வீட்டுக்கு அழைப்பது, மாலையில் விளையாட விடுவதா சிறப்பு வகுப்புக்கு அனுப்புவதா என்ற முடிவுகள் எல்லாம் பெற்றோர் எடுப்பவை. பாட்டி வீட்டுக் கோடை விடுமுறையில் அத்தை பிள்ளைகளும் பெரியப்பா பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்த காலத்தில் இவ்வாய்ப்பு யாரும் திட்டமிடாமல் கிடைத்தது. பல வயதினர் கலந்த அந்தக் கூட்டத்தில் மூத்தவர் விட்டுக்கொடுக்கவும் இளையவர் கேட்டுப் பெறவும் கற்றனர். அடுக்குமாடிக் குடியிருப்பில் தனிக் குடும்பமாக வாழும் வீடுகளில் அவ்வாய்ப்பைப் பெற்றோர் முயன்று உருவாக்க வேண்டியிருக்கிறது.

வாய்ப்பைத் தந்தபின் எவ்வளவு தலையிடுவது என்பது அடுத்த கேள்வி. லாட் நடத்திய ஆய்வுகளில், பிள்ளைகளின் விளையாட்டில் எப்போதும் கூடவே இருந்து நடத்திய பெற்றோரின் குழந்தைகளை விட, காதில் விழும் தூரத்தில் இருந்து தேவையானபோது மட்டும் எட்டிப்பார்த்தவர்களின் குழந்தைகள் வகுப்பில் கூடுதலாக விரும்பப்பட்டனர். எல்லாச் சச்சரவையும் பெரியவரே தீர்த்துவைத்தால், தீர்க்கும் திறன் குழந்தைக்கு வாய்ப்பதில்லை.

கூச்ச சுபாவமும் பிறவி இயல்பும்

எல்லாக் குழந்தைகளும் ஒரே இயல்புடன் பிறப்பதில்லை. புதிய ஆளையோ இடத்தையோ கண்டால் ஒடுங்கும் இயல்பு சில குழந்தைகளிடம் கைக்குழந்தைப் பருவத்திலேயே தென்படுவதை ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இவ்வியல்புக்குப் பெற்றோரைப் பழிப்பதில் பொருளில்லை. ஆனால் அது எப்படி முதிர்கிறது என்பதில் பெற்றோருக்குப் பங்குண்டு. கென்னத் ரூபினின் ஆய்வுகள், கூச்சமுள்ள குழந்தைக்காகப் பெற்றோரே எல்லாவற்றையும் பேசி, எல்லாச் சிக்கலிலிருந்தும் காத்துவிட்டால் அக்கூச்சம் நிலைபெறும் எனக் காட்டின. "பேசேன், வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று விருந்தினர் முன் இழிப்பதும் அதே விளைவைத் தரும். சிறு சிறு வாய்ப்பாகத் தந்து, அக்குழந்தையின் வேகத்துக்கு விடுவதே பயன் தருகிறது.

இதற்கு எளிய வழியொன்று 1979இல் வெளியான ஓர் ஆய்வில் உள்ளது. பிறரோடு சேராத மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு, தங்களைவிட ஓராண்டுக்கு மேல் இளைய குழந்தை ஒருவருடன் பத்து முறை விளையாட வாய்ப்பளிக்கப்பட்டது. தன்னைவிடச் சிறியவருடன் விளையாடும்போது தலைமை ஏற்கவும் தொடங்கிவைக்கவும் கூச்சமுள்ள குழந்தைக்குத் துணிவு பிறக்கிறது. பின்னர் வகுப்பில் அவர்களின் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவு கூடியது.

கூச்சம் குறையா நிறையா என்பதைச் சமூகமும் தீர்மானிக்கிறது. சின்யின் சென்னும் அவருடைய குழுவினரும் ஷாங்காய் நகரப் பள்ளிகளில் 1990, 1998, 2002 ஆகிய ஆண்டுகளில் பிள்ளைகளை ஆராய்ந்தனர். 1990இல் கூச்சமும் அடக்கமும் உள்ள குழந்தைகள் வகுப்பில் விரும்பப்பட்டனர். 2002இல் அதே இயல்புள்ளோர் ஒதுக்கப்பட்டனர். குழந்தைகள் மாறவில்லை, போட்டியும் தன்முனைப்பும் மதிக்கப்படும் சூழல் இடையில் வந்துவிட்டது.

மறுப்பும் விளக்கமும்

பெற்றோரின் பங்கு மிகைப்படுத்தப்படுகிறது என்ற வலுவான மறுப்பும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஜூடித் ரிச் ஹாரிஸ், 1998இல் வெளியிட்ட 'தி நர்ச்சர் அசம்ப்ஷன்' என்ற நூலில், வீட்டுக்கு வெளியே குழந்தையை உருவாக்குவது அதன் சகாக்களே என்று வாதிட்டார். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெற்றோரின் உச்சரிப்பை விட்டு நண்பர்களின் உச்சரிப்பில் பேசுவதை அவர் சான்றாகக் காட்டினார். முரட்டுத் தந்தைக்கு முரட்டு மகன் இருந்தால், அது வளர்ப்பால் வந்ததா மரபணுவால் வந்ததா என்ற கேள்வியும் அவர் எழுப்பியதே. அடம்பிடிக்கும் குழந்தையிடம் பெற்றோர் கடுமையாகிவிடுகிறார்கள் என்பதையும், அதாவது குழந்தையும் பெற்றோரை மாற்றுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

சகாக்களின் வலிமைக்கு மனத்தை உருக்கும் சான்றொன்றும் உள்ளது. நாஜிகளின் தெரேசின் முகாமிலிருந்து மீட்கப்பட்ட ஆறு குழந்தைகள் 1945இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். கைக்குழந்தைகளாக இருந்தபோதே பெற்றோரை இழந்த அவர்களைப் பற்றி அன்னா ஃப்ராய்டும் சோஃபி டானும் 1951இல் எழுதினர. வளர்ந்தவர்களை நம்பாத அக்குழந்தைகள், தங்களுக்குள் ஒருவரையொருவர் சற்றும் பிரிய மறுத்தனர். உணவைத் தாம் உண்ணும் முன் மற்றவருக்குக் கொடுத்தனர். பெற்றோர் இல்லாத இடத்தில் அவர்களே ஒருவருக்கொருவர் பற்றுக்கோடாயினர்.

ஹாரிஸின் மறுப்புக்குப் பின் ஆய்வாளர்கள் காரணத்தைப் பிரித்தறியும் சோதனைகளில் கூடுதல் கவனம் செலுத்தினர். பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பயிற்சி அளித்து ஒப்பிட்ட சோதனைகளில், பயிற்சி பெற்றவர்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைந்தது. மரபணு மாறாமல் நடத்தை மாறியதால், வளர்ப்புக்கு உண்மையான பங்குண்டு என்பது உறுதியாகிறது. ஆனால் அது பல காரணங்களில் ஒன்று.

யாருடன் சேரலாம் என்ற கேள்வி

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது பழமொழி. திருக்குறளில் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என நட்பைத் தேர்வதற்கே தனி அதிகாரங்கள் உள்ளன. அங்கே ஆராயப்படுவது நண்பரின் குணம். பல வீடுகளில் ஆராயப்படுவது நண்பரின் சாதி, மதம், தெரு, தந்தையின் தொழில் ஆகியவை. "அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதே" என்ற ஒரே வாக்கியத்தில், காரணம் சொல்லப்படாமலே, யார் சமம், யார் சமமில்லை என்ற பாடம் முடிந்துவிடுகிறது. வாய்ப்பை அமைத்துத் தரும் ஆற்றல் வாய்ப்பை மறுக்கும் ஆற்றலாகவும் செயல்படுகிறது.

இதன் கொடிய எல்லையைத் தமிழ்நாடு 2023 ஆகஸ்டில் கண்டது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், அம்மாணவரின் பள்ளியில் படித்தவர்களால் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் தமிழ்நாடு அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்வதும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவதும் அதன் பரிந்துரைகளில் அடங்கும். கயிற்றைப் பள்ளி தடுக்கலாம். அதைக் கட்டும் எண்ணம் உருவாகும் இடங்களில் வீடும் ஒன்று.

கலந்து பழகுவதால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்தியச் சான்று உண்டு. 2007 முதல் தில்லியின் தனியார் பள்ளிகள் பல, ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பொருளியலாளர் கௌதம் ராவ் இம்மாற்றத்தை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார். ஏழை வகுப்புத் தோழர்களைப் பெற்ற வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் பிறருக்கு உதவும் மனமும் ஈகையும் கூடியிருந்தன. ஏழைப் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டுவதும் குறைந்திருந்தது. பெற்றோர் அஞ்சியதுபோல் படிப்பில் பெரிய பின்னடைவு ஏற்படவில்லை.

பதின்ம வயது

பதின்ம வயதில் நண்பர்களின் செல்வாக்கு உயர்கிறது. அப்போது பெற்றோரின் முதல் ஆயுதம் கண்காணிப்பாகிறது. யாருடன் போகிறாய், கைப்பேசியில் யார் என்ற விசாரணைகள் பெருகுகின்றன. சுவீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகியோர் 14 வயதினரிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு, இதைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் அறிந்திருந்தவற்றில் பெரும்பகுதி விசாரணையால் கிடைத்ததன்று, பிள்ளைகள் தாங்களாக வந்து சொன்னது. சொன்னால் திட்டு விழும், நண்பர் இழிவாகப் பேசப்படுவார் என்று தெரிந்தால் பிள்ளை சொல்வதை நிறுத்திவிடுகிறது. அந்த வாசல் திறந்திருக்கிறதா என்பது பதின்ம வயதுக்கு முன்பே, சிறு சிறு செய்திகளைப் பெற்றோர் கேட்ட முறையால் தீர்மானமாகிவிடுகிறது.

பெற்றோர் செய்யத்தக்கவை

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து நடைமுறைக்குப் பொருந்தும் சில முடிவுகளைப் பெறலாம்.

1. "இன்று என்ன படித்தாய்?" என்பதோடு "இன்று யாருடன் சாப்பிட்டாய், என்ன விளையாடினாய்?" என்றும் கேட்டல். விசாரணையின் தொனி இல்லாமல் கேட்பது முக்கியம்.

2. ஒரு நேரத்தில் ஒரு குழந்தையை வீட்டுக்கு அழைத்தல். பெரிய கூட்டத்தில் தடுமாறும் குழந்தை இருவராக இருக்கும்போது எளிதில் பழகும்.

3. வாரத்தில் சில மணி நேரமாவது வகுப்போ திரையோ இல்லாத விளையாட்டு நேரத்தை விட்டுவைத்தல்.

4. சண்டை வந்தால் உடனே நீதிபதி ஆகாமல், இருவரும் தங்கள் பக்கத்தைச் சொல்லவும் தீர்வை அவர்களே முன்வைக்கவும் இடம் தருதல். அடிதடியும் தொடர்ந்த கேலியும் இதற்கு விதிவிலக்கு. அங்கே பெரியவர் தலையிட்டே ஆக வேண்டும்.

5. பிறர் செயலுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எண்ணப் பழக்குதல். "அவள் உன்னைப் பார்க்காமல் போயிருப்பாளோ?" என்ற ஒரு கேள்வி பல பகைகளைத் தடுக்கும்.

6. நண்பரைப் பிடிக்கவில்லை என்றால் ஆளைப் பழிக்காமல், கவலை தரும் செயலை மட்டும் குறிப்பிட்டுப் பேசுதல்.

7. குழந்தை பல வாரங்களாகப் பள்ளி செல்ல அஞ்சினால், அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொன்னால், வகுப்பு ஆசிரியரிடமும் தேவையானால் மனநல வல்லுநரிடமும் பேசுதல். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான அரசின் டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

குழந்தைக்கு நண்பரைப் பெற்றோர் தேடித்தர முடியாது. யாரைப் பிடிக்கிறது என்பது இரு குழந்தைகளுக்கிடையே அமைவது. நட்பு தொடங்குவதற்குத் தேவையான நேரம், இடம், பிறர் மீதான நம்பிக்கை, பிறரை மதிக்கும் பழக்கம் ஆகியவற்றைத் தருவது பெற்றோரால் இயலும். குழந்தை அவற்றை எடுத்துக்கொண்டு தன் இயல்புக்கேற்பப் பயன்படுத்துகிறது. வாழ்நாள் முழுவதும் உடன் வரும் உறவுகள் பல அவ்வாறே தொடங்குகின்றன.